சத்தியம் விழுந்த தலைகள்

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ஆவுடையப்பன் இந்தக் கதையைப் பல வருடங்களாக நம்பவில்லை. பொய் என்று ஒதுக்கவும் அவரால் முடியவில்லை. சொன்னது அவருடைய சொந்த அக்கா சொர்ணம். எதையும் கூட்டியோ குறைத்தோ பேசத் தெரியாதவள். கத்தரிக்காய்க்காரியிடம் பேரம் பேசும்போதுகூட, காய் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டு முழு விலையும் கொடுத்துவிட்டு வருகிறவள். நடந்த காலத்தில் ஆவுடையப்பன் மஸ்கட்டில் ஒரு சிமெண்டுக் கம்பெனியின் ஸ்டோரில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா போனில் சொல்லச் சொல்ல, ஏசி இரைச்சலுக்குள் காதை அழுத்திக்கொண்டு ‘சரி, சரி’ என்று கேட்பார். போனை வைத்துவிட்டு வெளியே வந்தால், அந்த ஊர் வெயிலில் அந்தக் கதை ஒரு நிமிஷம்கூட நிற்காது. உள்ளே போய்ப் படுத்தால் மறுபடியும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

வடமலைப்பேரியில் தவசிமுத்து என்று ஒரு கபடிக்காரன் இருந்தான். எதிரணிக் களத்துக்குள் அவன் பாடிக்கொண்டு நுழைந்தால் ஏழு பேரும் மூலையில் போய் ஒண்டுவார்கள் என்றும், அவன் மூச்சு விடாமல் பாடி முடிப்பதற்குள் ஒருவன் டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிடலாம் என்றும் ஊரில் பேச்சு. அப்படிப்பட்டவனுக்கு எலும்புக்குள் புற்று வந்தது. ஊர் எல்லையில் ரோட்டோரமாக இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், கரண்டு என்று ஊர் சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள், அவன் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. அந்தச் சேதி வந்த அன்று கபடிக் குழுப் பையன்கள் எல்லோரும் லெச்சுமணன் சலூனில் வரிசையாக உட்கார்ந்து, அவன் தலை அப்படி இருக்கும்போது எங்கள் தலை மட்டும் இப்படி இருக்கலாமா என்று மொட்டை போட்டுக்கொண்டார்கள். பையன்களைப் பார்த்து அப்பன்மார் போட்டார்கள், பிறகு பெண்களும் நேர்ந்துகொண்டு போட்டார்கள். தவசிமுத்து பிழைத்தான். பிழைத்ததோடு நில்லாமல் மறுபடியும் களத்தில் இறங்கினான், முன்னைவிட வேகமாகப் பாடினான், டெல்லி வரைக்கும் போய்க் கோப்பையோடு வந்தான், வந்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பழைய பருத்திக் குடோனை வாங்கி, வெளியூர் நோயாளிகள் தங்கிச் சாப்பிட்டு வைத்தியம் பார்த்துக்கொள்ள ஓர் இல்லம் கட்டினான். தவசி இல்லம் என்று பெயர். சொர்ணம் தொண்டைப் புற்று வந்த கணவனோடு அங்கே வந்தாள். கணவன் போன பிறகு, ஊருக்குத் திரும்பிப் போய் யாருக்குச் சமைக்க என்று அங்கேயே தங்கி, அடுப்படியையும் பிறகு இல்லத்தையுமே கையில் எடுத்துக்கொண்டாள்.

தவசிமுத்து குணமான நாளை ஊர் ஒவ்வொரு வருஷமும் கொண்டாடியது. கபடி மைதானத்தில் பந்தல் போட்டு, வந்தவர்களெல்லாம் மொட்டை போட்டுக்கொள்வார்கள். முடி மூட்டை மூட்டையாகப் போய், நோயாளிகளுக்கு டோப்பாவாகத் திரும்பி வரும். முடி கொடுத்தவர்கள் அப்படியே இல்லத்துக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் அந்த நாளுக்கு முன்பாக, அவனோடு ஆடிய ஒருவன் டிவியில் உட்கார்ந்து, தவசிமுத்து ஊக்க மருந்து ஊசி போட்டுக்கொண்டுதான் ஆடுகிறான், அந்த மூச்சு அவனுடையது இல்லை என்று சொன்னான். மைதானம் முழுக்க அதே பேச்சாக இருந்தபோதுதான் தவசிமுத்து வந்தான். அப்போதுதான் மழித்து, சந்தனம் பூசி, வெயிலில் ஈரத்தோடு மின்னிக்கொண்டிருந்த தலைகளுக்கு நடுவில் நின்றான். சொர்ணம் முதல் வரிசையில் இருந்தாள். அவள் தலையில் கையை வைத்து, “அக்கா, ஒங்க தலைமேல சத்தியமாச் சொல்லுதேன், நான் ஒரு ஊசியும் போட்டுக்கிடல” என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். கூட்டம் விடவில்லை. ரைஸ்மில் சண்முகவேல் அண்ணாச்சி முண்டியடித்துக்கொண்டு வந்து, “அவ தலைமேல மட்டும் அடிச்சாப் போதுமாடே? எங்க தலையெல்லாம் என்ன தேங்காயா?” என்று தன் தலையைக் குனிந்து காட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. சாமி கும்பிடுகிற வரிசையைவிட ஒழுங்கான வரிசை. பெண்டாட்டியை முன்னால் தள்ளிவிட்ட புருஷன்மார் இருந்தார்கள், தனக்குச் சத்தியம் சரியாக விழவில்லை, கை பாதிதான் பட்டது என்று திரும்பவும் வந்து நின்றவர்கள் இருந்தார்கள். மொட்டை போட வந்த லெச்சுமணனே கைவேலையை அப்படியே விட்டுவிட்டு, தன் தலையைத் தானே அவசரமாக மழித்துக்கொண்டு வந்து நின்றான். சாயங்காலம் வரைக்கும் தவசிமுத்து ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு அதே வார்த்தையைச் சொன்னான், குரல் கம்மி, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. அவன் கண் ஏன் அப்படிக் கலங்குகிறது என்று கேட்டவர்களிடம், சந்தன வாசனை ஏறிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அந்தத் தலைகளில் முடி முளைக்கவில்லை.

முதலில் லெச்சுமணனைத் திட்டினார்கள். புது பிளேடு, மட்டமான சந்தனம், வேரோடு வழித்துவிட்டான். பிறகு குழாய்த் தண்ணீரைத் திட்டினார்கள். கரிசலாங்கண்ணி அரைத்தார்கள், வெங்காயம் தேய்த்தார்கள், ஊரே வெங்காயமாக நாறியது. ஆனால் அன்றைக்கு அதே லெச்சுமணனிடம் மொட்டை போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சத்தியத்துக்கு நிற்காமல் போனவர்களுக்கு முடி ஒழுங்காக முளைத்திருந்தது. இதை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் டிவியில் தவசிமுத்து வந்தான். ஊசி போட்டுக்கொண்டது நிஜம், பல வருஷமாக, குணமாகித் திரும்பிய முதல் ஆட்டத்திலிருந்தே என்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வடமலைப்பேரியில் டிவி முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தலைக்குக் கொண்டுபோனார்கள் என்று சொர்ணம் சொன்னாள்.

‘நீ எல்லார் வீட்டையும் எட்டிப் பாத்தியாக்கா?’ என்று ஆவுடையப்பன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ‘சரி’ என்றார்.

ஊருக்கு முதலில் வந்தது பயம். ஒருவன் தலைமேல் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலைக்குக் கேடு என்பது அங்கே எல்லோரும் கேட்டு வளர்ந்த விஷயம். வெடித்துவிடும் என்பவர்கள் உண்டு, வருஷம் திரும்பாது என்பவர்கள் உண்டு. காத்திருந்தார்கள். யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. முடி மட்டும்தான் இல்லை. அதற்கப்புறம்தான் பயம் போய்க் குழப்பம் வந்தது. பயத்துக்காவது என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தால், எதிரே நிற்கிறவனும் மொட்டை. இரண்டு மொட்டைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? அவனை எனக்கு எப்போதுமே பிடிக்காது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தலையே காட்டிக் கொடுத்தது.

டீக்கடையில் நாள் தவறாமல் ஒரே சண்டைதான்.

“எல்லாப் பயலுந்தாம் போடுதான். இவம் மாட்டிக்கிட்டாம், அம்புட்டுதான்.”

“போட்டுட்டுப் போறான் வே. நம்ம தலையில எதுக்குக் கைய வச்சான்?”

“நீருதான் ரெண்டாந்தரம் போயி நின்னீரு. மொதத் தரம் பட்டது பத்தலைன்னு.”

“அது வேற.”

“என்ன வேற? அவனுக்கு நோவு வந்தது நெசம். பொழைச்சது நெசம். இல்லம் நெசம், அங்க சோறு நெசம். செயிச்சது மட்டும் பொய். இப்பம் நாம அவனைக் கும்பிடவா, காறித் துப்பவா? அதச் சொல்லும் முதல்ல.”

“தெரிஞ்சா இங்க வந்து ஒம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டா டீ குடிப்பேன்?”

மெல்ல மெல்ல ஊர் அதற்கும் பழகியது. பஸ் கண்டக்டர்கள் ‘மொட்டையூர் எல்லாம் எறங்கு’ என்று கூவினார்கள், முதலில் இரண்டு பேர் சண்டைக்குப் போனார்கள், பிறகு அவர்களே டிக்கெட் வாங்கும்போது அப்படிச் சொன்னார்கள். தொப்பி விற்கிறவன் ஒருவன் எங்கிருந்தோ வந்து கடை போட்டான், அந்த வெயிலில் யாரும் வாங்காததால் குடை விற்க ஆரம்பித்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெருவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று துக்கம் விசாரித்தார்கள். விளக்கம் சொல்லி மாளாமல், ‘ஒரு சொந்தக்காரப் பையன்’ என்று சொல்லிவிட்டுப் போக ஊர் பழகிக்கொண்டது. லெச்சுமணன் மட்டும் சலூனைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த தவசிமுத்துவின் படங்களை ஒருநாள் திருப்பி வைப்பான், மறுநாள் நேராக வைப்பான்.

இதற்கிடையே இல்லத்துக்குள் ஒன்று நடந்தது. அதைத்தான் சொர்ணம் எப்போதும் அழுத்திச் சொல்வாள்.

அங்கே உவரிப் பக்கத்திலிருந்து ஜெனிபா என்று ஒரு பெண் வைத்தியத்துக்கு வந்திருந்தாள். டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். மருந்து ஏற்றி முடி கொட்டிய பிறகு அவள் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. டோப்பா கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒருமுறை ரோட்டைத் தாண்டினாள், லாரிக் காற்றில் அது நழுவியது, நான்கு பேர் பார்த்தார்கள், ஒருவர் ‘ஐயோ பாவம்’ என்றார். அந்த ‘ஐயோ பாவ’த்துக்குப் பிறகு அவள் ரோட்டைத் தாண்டவே இல்லை. எதிரே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் தினமும் கரண்டு வைத்துக்கொள்ள வேண்டியவள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா, என்னய விட்டுருங்க” என்றாள். இப்படியே விட்டால் அந்தப் பெண் தேறாது என்று டாக்டர் சொர்ணத்திடம் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ஊரே மொட்டையாக இருந்தது. சன்னல் வழியாக ஜெனிபா பார்த்தாள். பால்காரன் மொட்டை. அவனிடம் பால் வாங்குகிறவள் மொட்டை. ஸ்கூட்டரில் போகும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மொட்டை, பின்னால் உட்கார்ந்தவள் அவன் தலையில் வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிறாள். ஜெனிபா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். ரோட்டுக்கு வந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூக்காரி மட்டும் அவளைக் கூப்பிட்டு, “ஏ புள்ள, ஒன் தலையிலயும் அடிச்சானா அந்தப் பாவி?” என்று கேட்டாள். ஜெனிபா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “ஆமா” என்றாள். “ஒனக்கும் பூ வைக்க முடியில்ல, எனக்கும் யாவாரமில்ல” என்று பூக்காரி திட்டிக்கொண்டே, தலையில் வைக்க இடமில்லாத ஒரு முழம் மல்லிகையை அவள் கையில் சுற்றிவிட்டாள். அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், மறுநாளும் போனாள். அவளைப் பார்த்து இல்லத்தில் இருந்த மற்றவர்களும் வெளியே வந்தார்கள், கடைத்தெருவுக்குப் போனார்கள், டீக்கடைச் சண்டையில் கலந்துகொண்டார்கள். யார் நோயாளி, யார் ரசிகர் என்று ஊருக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே கிண்டல், ஒரே டீ.

ஆனால் இல்லத்துக்கு அரிசி வருவது குறைந்துகொண்டே வந்தது. வருத்தமாகத்தான் நிறுத்தினார்கள். அவன் பெயர் போட்ட வாசலில் நுழையக் கால் வரவில்லை என்றார்கள். பெயரை எடுத்துவிட்டால் தருகிறோம் என்று சிலர் சொன்னார்கள், எடுத்துவிட்டால் தரமாட்டோம் என்று வேறு சிலர் சொன்னார்கள், இரண்டு பக்கமும் பேசியவர்களும் இருந்தார்கள். கடைசிவரை மூட்டை அனுப்பிக்கொண்டிருந்த சண்முகவேல் அண்ணாச்சியும் ஒருநாள் நேரில் வந்தார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் மொட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, துக்கம் கழியட்டும், பிறகு பேசலாம் என்று போய்விட்டார்கள்.

“நீதாம் சொர்ணம் அவனைக் கூப்பிடணும்” என்றார். “ஒம் பேச்சுக்குத்தான் அவன் வருவான். வச்ச சத்தியத்த அவனே எடுக்கட்டும். தலை தலையாத் தொட்டு, அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு சொல்லட்டும். பொறவு இல்லத்துக்கு எப்பவும்போல எல்லாம் வரும். இல்லன்னா எங்கிட்ட எதையும் எதிர்பாக்காத.”

சொர்ணம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் ஊருக்கு முடி வரும், ஜெனிபா மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கூப்பிடாவிட்டால் ஜெனிபா ரோட்டைத் தாண்டுவாள், திரும்பி வந்தால் சாப்பிடச் சோறு இருக்காது. மஸ்கட்டுக்குப் போன் போட்டுத் தம்பியிடம் கேட்டாள். முடி முளைக்காத கதையை நம்பாத ஆளால் அதற்கு என்ன யோசனை சொல்ல முடியும்?

கடைசியில் அவள் கூப்பிட்டாள். “அது அவங்க தலை. நாம எப்படி வச்சுக்கிட முடியும்?” என்று தம்பியிடம் சொன்னாள். தவசிமுத்து போனில், “வந்தா அடிப்பாங்களாக்கா?” என்று கேட்டான்.

“அடிச்சாலும் அடிப்பாங்க, கட்டிப்பிடிச்சாலும் பிடிப்பாங்க. எனக்குத் தெரியல. எதுக்கும் சாப்பிட்டுட்டு வா.”

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து இறங்கினான். இளைத்திருந்தான். மைதானத்தில் ஊரே நின்றது. வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்த வசவுகளோடு வந்தவர்கள், அவன் தலையில் சீப்புப் படாமல் வளர்ந்து கிடந்த முடியைப் பார்த்ததும் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பழக்கதோஷத்தில் ஒருவன் விசில் அடித்துவிட்டான், பக்கத்தில் இருந்தவர் அவனைப் பிடரியில் ஒன்று போட்டார், போட்டவரே பிறகு போனை எடுத்து அவனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதே வரிசை மறுபடியும் நின்றது. முதலில் அண்ணாச்சி. தவசிமுத்து அவர் தலையில் கையை வைத்து, “நான் ஊசி போட்டுக்கிட்டேன். ஒங்க தலைமேல பொய் சொன்னேன்” என்றான். அண்ணாச்சி திட்ட வாயெடுத்தவர், “நல்லாரு” என்றுவிட்டு நகர்ந்தார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது கபடிக் குழுவில் ஒருவன் தலையைக் கொடுக்காமல் கேட்டான்.

“டெல்லி பைனல்லயுமாண்ணே?”

“அதுலயும்.”

“அந்தக் கடைசிப் பாட்டு? மூச்சு விடாம ரெண்டு பேரைத் தொட்டு வந்தியே, அது?”

தவசிமுத்து கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு யோசித்தான். “எது நான், எது ஊசின்னு எனக்கே தெரியல தம்பி. தெரிஞ்சாச் சொல்லிருவேன்.”

அந்தப் பையன் தலையைக் கொடுக்காமலே திரும்பிப் போனான். அவனுக்கு அடுத்து லெச்சுமணன். ஊரிலேயே முடிக்கு அதிக அவசரம் உள்ளவன் அவன்தான், பிழைப்பே அதுதான். முன்னால் வந்து நின்று, தவசிமுத்துவின் முகத்தைப் பார்த்து, சட்டென்று இரண்டு கையாலும் தன் தலையைப் பொத்திக்கொண்டான். “எங்கிட்ட சொல்லாதடா தவசி. சொல்லீராத. சொன்னா மொளைச்சிரும்” என்று அழுதுகொண்டே வரிசையை விட்டு விலகி ஓடினான். அதைப் பார்த்து இன்னும் சிலர் விலகினார்கள். ஏன் விலகினார்கள் என்று கேட்டதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள், ஒன்றுகூடச் சரியான காரணமாக இல்லை.

சொர்ணம் மைதானத்துக்குப் போகவே இல்லை. அவன் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு இல்லத்துக்கு வந்தபோது, அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். ஜெனிபா வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் அக்காவின் தலையை நோக்கிக் கையைக் கொண்டுபோனான். சொர்ணம் கரண்டியோடு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“எனக்கு வேண்டாம்.”

“மொதச் சத்தியமே ஒங்க தலையிலதான்க்கா. அதை எடுக்காம நான் எப்படிப் போவேன்?”

“எப்படியும் போ. அந்தப் புள்ளைக்கு இன்னும் கரண்டு பாக்கி இருக்கு. ரோட்டைத் தாண்டும்போது கூட ஒரு மொட்டை போகணும்லா.”

அவன் கை அப்படியே இறங்கியது. உட்காரச் சொன்னாள். சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், போனான். அதற்கப்புறம் அவன் அந்த ஊருக்கு வரவில்லை.

“மன்னிச்சிட்டியா அவனை?” என்று ஆவுடையப்பன் போனில் கேட்டார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரசம் ஊத்தினேன்” என்றாள்.

அவன் வந்து போன மறுநாள் விடிந்தபோது வடமலைப்பேரி முழுக்கத் தலைகளில் கறுப்புத் தெரிந்தது. கோழி இறகுபோல, பிறகு புல்போல, பிறகு எப்போதும்போல. அண்ணாச்சி மகளின் கல்யாணம் நடந்தது. அவர் வாக்குக் கொடுத்தபடி மூட்டைகளை அனுப்பினார். ஆனால் முடி வந்த மற்ற பலருக்கு எல்லாம் மறந்துபோனது. தொப்பிக்காரனைப்பற்றிக்கூடப் பேசுவார்கள், தவசிமுத்துவைப்பற்றிப் பேச்சு வந்தால், எனக்கு அப்பவே தெரியும் என்றார்கள். இப்போது அதைச் சொல்வதற்குத் தலை தடையாக இல்லை. வரிசையை விட்டு விலகியவர்கள் மட்டும் மொட்டையாகவே இருந்தார்கள். தினமும் காலையில் அவர்கள் தாமாகவே இல்லத்து வாசலில் வந்து நின்று, நோயாளிகளை நடுவில் விட்டுக்கொண்டு, கும்பலாக ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல நினைத்தவர்களுக்கு யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. ஜெனிபா வைத்தியத்தை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனாள். இப்போது பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி.

இவ்வளவும் அக்கா சொன்னது.

ஆவுடையப்பன் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்தபோது, ஊரில் எல்லோருக்கும் முடி இருந்தது. லெச்சுமணன் காலமாகிவிட்டான். விலகிய மற்றவர்களும் ஒருவரைத் தவிர பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டார்கள். அந்த ஒருவர் டோப்பா வைத்திருக்கிறார் என்றார்கள், ஆவுடையப்பன் போய்ப் பார்த்தார், அது டோப்பாபோலவும் இருந்தது, முடிபோலவும் இருந்தது, இழுத்துப் பார்க்க முடியாது. அண்ணாச்சியிடம் கேட்டார். “நடந்ததுதான்னு நெனைக்கேன்” என்றார் அண்ணாச்சி. “ஆனா ஒண்ணு. அந்த வருசம் நான் திருச்செந்தூருக்கும் மொட்டை போட்டேன். அது எப்பம், இது எப்பம்னு இப்பம் கொழம்புது.” மிச்சம் இருந்தது சொர்ணத்தின் தலை ஒன்றுதான். குளித்துவிட்டு வரும்போது வெண்கலச் செம்பு மாதிரி இருக்கும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். சொர்ணம் அவர்களை உட்கார வைத்துக் கதையைச் சொல்வாள், அவர்கள் அவள் தலையைப் பார்ப்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு இல்லத்துக்கு அரிசி கொடுத்துவிட்டுப் போவார்கள். இல்லம் அதில்தான் நடந்தது.

ஆவுடையப்பன் குளியலறையில் பிளேடு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. இத்தனை பேர் தங்குகிற இடத்தில் பிளேடு இல்லாமல் இருக்குமா? அது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. தன்னையே வெறுத்தார். என்ன ஆளப்பா நீ, சொந்த அக்காவை வேவு பார்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் விட முடியவில்லை. முடி முளைக்கவில்லை என்றால் ஒருவனுடைய பொய்யின்மேல் இந்த இல்லம் நிற்கிறது. முளைத்து அவள் மழித்துக்கொள்கிறாள் என்றால் இரண்டு பேருடைய பொய்யின்மேல் நிற்கிறது. அப்போது அவன் செய்ததற்கும் இவள் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் இருக்கிறது என்று மனம் சொன்னது. எது என்று கேட்டால் சொல்லவில்லை.

சொர்ணத்துக்கு மூட்டு தேய்ந்து, நெடுநேரம் உட்கார்ந்து பேச முடியாமல் போனது. ஒரு காலை தம்பியைக் கூப்பிட்டு, “இனிமே வாறவங்ககிட்ட நீ சொல்லு. நான் சும்மா பக்கத்துல இருக்கேன். எனக்கப்புறமும் நீதான சொல்லணும்” என்றாள். அன்றைக்கே கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஆவுடையப்பன் ஆரம்பித்தார். நன்றாகத்தான் சொன்னார். சந்தனத்தைச் சொன்னார், வரிசையைச் சொன்னார், பூக்காரியைச் சொன்னார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, தன் தலையில் துண்டு கட்டியிருந்தவர், மெதுவாகக் கேட்டார்: “இது உண்மையாகவே நடந்ததுங்களா?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். ‘ஆமா’ என்று ஒரே ஒரு சொல். அது வரவில்லை. ‘இல்லை’யும் வரவில்லை. அந்தப் பெண்மணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு துண்டை இன்னும் கொஞ்சம் இறக்கி இழுத்துக்கொண்டு எழுந்தார். வேன் போய்விட்டது.

சொர்ணம் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆவுடையப்பன் பின்னாலேயே போனார். நோயாளிகளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவள் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சன்னல் வெயில் அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டியது ஒரு வார்த்தைதான். முளைக்கவே இல்லையா, முளைத்து மழிக்கிறாயா. இத்தனை வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த கேள்வி. ஆனால் அவள் எதைச் சொன்னாலும் தான் நம்பப் போவதில்லை என்பது அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. எப்படிச் சொன்னால் நம்புவோம் என்பதும் தெரிந்தது.

அவள் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தார். முறத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். தவிடு ஒட்டியிருந்த அவளுடைய வலது கையை எடுத்தார். முன்பக்கம் நரைத்து, பின்பக்கம் இன்னும் அடர்த்தியாக இருக்கிற தன் தலையைக் குனிந்தார்.

“அக்கா,” என்றார், “என் தலைமேல கைய வச்சுச் சொல்லுவியா?”